மணியார்டர் வந்த வாரம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

‘கல்லூரி நாட்களில் மறக்க முடியாதவை’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் முதலில் பத்து நிமிஷம் என்றார். மேடை ஏறும்போது, “சாப்பாடு வர லேட்டாகுது, இருபது நிமிஷம் பேசுங்க” என்றார். ஆகவே சாம்பார் கொதிக்கிற வரைக்கும் நான் பேசலாம். மூன்று வருஷத்தையும் பேசப் போவதில்லை. ஒரே ஒரு வாரம். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 18 திங்கட்கிழமை முதல் 25 வரைக்கும். எண்ணிப் பார்த்தால் எட்டு நாள் வருகிறது. கணக்கு வாத்தியார் மன்னிக்கணும்.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு. எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவிலே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். காலையில் கல்லூரி. சாயங்காலம் ஜெயங்கொண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு தையல் கடையில் வேலை. கடைக்காரரை ஊரே ‘பாய்’ என்றுதான் கூப்பிடும். எனக்கு அங்கே காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது ஆகிய வேலைகள். அரைக்கைச் சட்டைக்கு ஆறு காஜா. சட்டைக்கு ஒண்ணரை ரூபாய் கூலி. பரீட்சை ஃபீஸ் கட்டியது அந்த ஒண்ணரை ரூபாய்களில்தான். இன்றைக்கு அந்தக் காஜாவை மெஷின் போடுகிறது, நூலுக்கு மெழுகு பூசி விரலில் குத்திக்கொள்கிற பாக்கியம் இப்போது யாருக்கும் இல்லை.

நம்ம பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்பது நேற்று வந்த பண்டிகை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் அடைக்கல மாதா கோயிலை எழுப்பியவர். தேம்பாவணி பாடிய கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதி நம்மைச் சிரிக்க வைத்தார் என்று நம் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் சொல்லுவார். வரதராசன்பேட்டை, தென்னூர் பக்கமெல்லாம் டிசம்பர் வந்துவிட்டால் முந்திரித் தோப்புக்கு நடுவிலே வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். மூங்கிலைச் சீவிக் கட்டி, கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ளே ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு. ஒட்டுவதற்கு மைதா பசை. அந்தப் பசையைக் கரப்பான் தின்றுவிட்டு, நட்சத்திரத்துக்கு நாலு முனைதான் மிஞ்சும் சில வீட்டில்.

கிறிஸ்துமஸ் வந்தால் தையல் கடைக்கு வேலை வரும். அந்த வருஷம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2000இல் ரம்ஜான் இரண்டு முறை வந்தது. ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டு மூன்று நாளில் பெருநாள். அதனால் பாய் நோன்போடு உட்கார்ந்து கிறிஸ்துமஸ் சட்டை தைத்தார். பகல் பூரா தண்ணீர் கிடையாது. ஆறு மணிக்குப் பள்ளிவாசலில் இருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். முதல் டம்ளர் அவருக்கு, அடுத்தது எங்களுக்கு. மார்கழிப் பனியில் அந்தக் கஞ்சி இருக்கிறதே... சரி, சாம்பாருக்கு வருவோம். மன்னிக்கணும், விஷயத்துக்கு வருவோம்.

விஷயம் என்னவென்றால், அந்த டிசம்பர் 5ஆம் தேதி முதல் நாடு முழுக்கத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். பதினாலு நாள் நடந்தது. 18ஆம் தேதியோடு முடிந்தது.

இங்கே இருக்கிற தம்பிமார் போனைக் காட்டினால் பணம் போய்விடுகிற காலத்தில் பிறந்தவர்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். அங்கே தபாலாபீஸில் பணத்தைக் கட்டி ஒரு ஃபாரம் எழுதுவான். இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன். ஒரு தடவைக்கு ஐயாயிரம் வரைக்கும்தான். ஃபாரத்தின் அடியில் சின்னதாக ஒரு கூப்பன் இருக்கும். அதில் ‘அம்மா, தங்கச்சிக்கு பாவாடை எடுக்கவும்’ என்று ரெண்டு வரி எழுதலாம். அந்தக் காகிதம் ஊர் ஊராகப் பயணம் பண்ணி, தபால்காரர் கையால் பணமாகி வீட்டு வாசலுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பார்கள், சாட்சிக்கு ஒருத்தர் கையெழுத்து. முதியோர் உதவித்தொகையும் அப்படித்தான் வந்தது. பதினாலு நாள் அது நின்றது என்றால், பல வீட்டில் கிறிஸ்துமஸே நின்றது என்று பொருள்.

இதில் என் சங்கடம் என்னவென்றால், எங்க அப்பா தபால்காரர்.

தபால்காரர் என்றால் முழு தபால்காரர் இல்லை. ‘எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல்’ என்பார்கள், சுருக்கமாக இ.டி. இலாகாவுக்குப் புறம்பானவர். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் பையை வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு மூணு நாலு ஊருக்குப் பட்டுவாடா செய்வார். கணக்குப்படி ஒரு நாளைக்குச் சில மணி நேர வேலை. சம்பளம் என்று பெயர் இல்லை, ‘படி’. பென்ஷன் கிடையாது. இந்த இ.டி. ஆட்களுக்கும் ஒரு வழி பண்ணுங்கள் என்பது அந்த வேலைநிறுத்தத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. அப்பா பதினாலு நாளும் ஜெயங்கொண்டத்தில் தபாலாபீஸுக்கு எதிரே போட்ட பந்தலில் போய் உட்கார்ந்தார்.

நம்ம கல்லூரிக்குப் போகிற பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். ஜன்னலோரம் எனக்குப் பிடித்த இடம். பந்தல் வருகிற நேரம் பார்த்து நான் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்ப்பேன். அப்பா பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கடையில் பேச்செல்லாம் அதே பேச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாய்க்கு ஒரு சட்டம் உண்டு: அட்வான்ஸ் இல்லாமல் கத்திரி வைக்க மாட்டார். முன்னே ஒரு வருஷம் தைத்த துணி வாங்க ஆள் வராமல் பொங்கல் வரைக்கும் தொங்கியதாம். அந்த வருஷம் துணி வந்தது, அட்வான்ஸ் வரவில்லை. துணிக்கடையில் கடன் சொல்லி எடுத்துவிடுகிறார்கள், தையல் கூலிக்கு மணியார்டரை எதிர்பார்க்கிறார்கள். வெட்டாத துணி, பெயர்ச் சீட்டு குத்திய மூட்டையாக மூலையில் ஏறிக்கொண்டே போனது. நாற்பதுக்கு மேல் இருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு அம்மா வந்தார்கள். முந்திரிக் கொட்டை உடைக்கிறவர் என்று விரலைப் பார்த்தாலே தெரியும். தோல் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து உரிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் மூணு பேருக்குத் துணி ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்.

“பாய், வெட்டிட்டீங்களா?”

“எங்கம்மா, அட்வான்ஸ் குடுக்கலியே.”

“நான் என்னா பண்ணுவேன். மவன் அனுப்பிட்டேன்னு பஸ்காரன்கிட்ட சொல்லி வுட்டுட்டான். இந்தத் தபால்காரப் பசங்க கொடிய புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டானுங்க. ஏழை வவுத்துல அடிக்கிறானுங்க. நல்லா இருப்பானுங்களா?”

நான் தலையைக் குனிந்து காஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தது. “தம்பி படிக்கிற புள்ளயாட்டம் இருக்குது. அப்பா என்னா பண்றாரு?” என்று கேட்டார்கள்.

“விவசாயம்” என்றேன்.

பாய் மெஷினை நிறுத்தவில்லை. என்னை அந்தக் கடையில் கொண்டுவந்து விட்டதே அப்பாதான், அதே காக்கிச் சட்டையோடு. பாய்க்குத் தெரியாதது இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று அன்று ராத்திரி தோன்றியது.

செவ்வாய்க்கிழமை அப்பா மறுபடி பையை எடுத்தார். பதினாலு நாள் தேங்கிய தபால். வாழ்த்து அட்டைகள் வேறு. கிறிஸ்துமஸ், புது வருஷம், ரம்ஜான் மூன்றும் சேர்ந்தது. ஜனவரி 1 முதல் அரியலூர் தனி மாவட்டம் என்று பேச்சு; முகவரியில் பெரம்பலூர் மாவட்டம் என்று போடுவதா, அரியலூர் என்று போடுவதா என்று சனங்களுக்குக் குழப்பம். அப்பா, “621802ன்னு சரியாப் போடுங்க, மாவட்டம் எங்க போனா என்ன” என்பார். அவர் சொன்னது சரிதான். 2001இல் பிரித்தார்கள், 2002இல் மறுபடி சேர்த்தார்கள், 2007இல் திரும்பப் பிரித்தார்கள். பின்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பை வந்ததும் பணமும் வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அங்கேதான் சிக்கல். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் கையிருப்புப் பணத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. மொத்தமாக நாற்பது ஐம்பது மணியார்டர் வந்து விழுந்தால் கொடுக்க அங்கே பணம் இருக்காது. இத்தனை பணம் பட்டுவாடா பாக்கி என்று கணக்கு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அவர்கள் அடுத்த பையில் பணம் வைத்து அனுப்புவார்கள். அவர்களுக்கும் எல்லாக் கிளையிலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்டால்? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். அதாவது, ‘உங்களுக்குப் பணம் வந்திருக்குது, ஆனா பணம் இல்லை’ என்று வீடு வீடாகச் சொல்லுகிற வேலை அப்பாவுக்கு. முதல் இரண்டு நாள் அந்த வேலையைத்தான் பார்த்தார். முதலில் யாருக்குக் கொடுப்பது என்று கிளை அஞ்சலகத்தில் உட்கார்ந்து பேசி, முதியோர் பணம், அப்புறம் பண்டிகைக்காரர்கள் என்று வரிசை வைத்தார்கள்.

புதன்கிழமைதான் மோசமான நாள்.

என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, இதே கல்லூரியில் இதே வகுப்பில் சேர்ந்த நண்பர் ஒருவர். அப்பாவின் பட்டுவாடா ஊர்களில் ஒன்றில், மாதா கோயில் தெருவில் அவர் வீடு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு அடுக்குக் கேரியர் வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து அதே கேரியர் திரும்பிப் போகும். நடுவில் கேரியர் யாருடையது என்பதே மறந்துபோனது. அவர் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். எழுத்துத் தேர்வு திருச்சியில், டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. நுழைவுச் சீட்டு தபாலில் வர வேண்டும். 20ஆம் தேதி புதன்கிழமை வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தது எங்க அப்பா.

அப்பா உறையைப் பார்த்ததுமே என்னவென்று தெரிந்துகொண்டார். தெரிந்தும் எடுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். நண்பரின் அம்மா அப்பாவை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் அண்ணே என்றுதான் ஆரம்பித்தார்கள். “அண்ணே, ஒங்க வவுத்துக்காக எம்புள்ள வாயில மண்ண போட்டுட்டீங்களேண்ணே.” அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். எங்க அம்மா பதில் சொல்ல வாயெடுத்தபோது, “அந்தம்மா சொன்னதுல என்னா தப்பு?” என்று அடக்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்: “ஊர்ல இருக்கிற கெழவன் கெழவிக்கெல்லாம் மாசா மாசம் பணத்தக் கொண்டுபோய்க் குடுக்கிறவன் நானு. எனக்கு வயசான காலத்துல என்னான்னு கேட்டது ஒரு தப்பா?”

இருபத்தைந்து வருஷமாக யோசிக்கிறேன். நண்பர் பக்கமும் நியாயம் இருந்தது, அப்பா பக்கமும் இருந்தது. தேர்வைத் தள்ளி வைத்திருக்க வேண்டியவர்கள் தள்ளி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் சைக்கிளில் வந்து நின்றவர் எங்க அப்பாதான். கோபம் கைக்கு எட்டினவர் மேல்தானே விழும்.

அன்று ராத்திரி கடையில், ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. பெட்ரோமாக்ஸ் ஏற்றினோம். பாய் அந்த வெளிச்சத்தில் மூலையில் இருந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து மேஜையைத் துடைத்து, சாக்பீஸை எடுத்தார். “எல்லாத்தையும் வெட்டிடுவோம்” என்றார்.

கட்டிங் மாஸ்டருக்கு ஆச்சரியம். “அட்வான்ஸு?”

“துணி நம்மகிட்டதான இருக்குது. கடைசி நாள்ல எல்லாம் ஒண்ணா வந்து நின்னா என்னா பண்ணுவே? அதுக்கப்புறம் நம்ம பெருநாள் துணி வேற கெடக்குது.” என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “தபால்காரரு வேலைக்கு வந்துட்டாருல்ல. பணம் வந்துரும்.”

வியாழன் காலை பஸ்ஸில் நண்பர் இருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். கல்லூரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். வருஷா வருஷம் நம் துறை வராந்தாவில் அவர்தான் நட்சத்திரம் கட்டுவார். அந்த வருஷமும் மூங்கில் கூட்டைக் கட்டி வைத்திருந்தார், தாள் ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரி மூடும்வரை அந்த எலும்புக்கூடு அப்படியே தொங்கியது. ஆய்வகத்து அண்ணன் மட்டும், “என்னப்பா, இந்த வருஷம் ஏசுநாதர் பொறக்கலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தைத்தோம். ராத்திரி கடையிலேயே துணி மூட்டை மேல் படுத்தேன்.

சனிக்கிழமை 23ஆம் தேதி பணம் இறங்கிவிட்டது. கடைக்கு முன்னால் கூட்டம். முந்திரிக் கொட்டை அம்மா வந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புது நோட்டாக எடுத்து வைத்தார்கள். பிள்ளைகளின் துணி தைத்து மடித்துத் தயாராக இருந்ததைப் பார்த்து நம்பவில்லை, விரித்துப் பார்த்தார்கள். பிறகு தன்பாட்டில் பேச ஆரம்பித்தார்கள்.

“நேத்து வெளக்கு வச்ச நேரத்துக்கு வர்றாரு எங்க ஊரு தபால்காரரு. சைக்கிளு பஞ்சராம், தள்ளிக்கிட்டு வர்றாரு. அந்த மனுசன நான் என்னென்னமோ பேசினேன். ஒரு வாய் காபித்தண்ணி குடிச்சிட்டுப் போங்கன்னா, இன்னும் பதினோரு வூடு இருக்குதும்மான்னு போயிட்டாரு.”

எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. “எங்கப்பாவும் தபால்காரருதான்” என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “அன்னிக்கி விவசாயம்னியே?”

பாய் அன்றுதான் சிரித்தார். நோன்பு வைத்த வாய் வறண்டு போயிருக்கும், சிரிப்பில் சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பையில் வந்த பணம் இன்னும் பாக்கி இருந்தது. திங்கட்கிழமை கிறிஸ்துமஸ், அன்றைக்கும் லீவு. செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து என்ன பயன்? அப்பாவும் கிளை அஞ்சலகத்து அலுவலரும் பேசிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டுவாடா பண்ணினார்கள். ரூல்படி தப்பு. இருவரும் வேலையை விட்டு வந்துவிட்டதால் இப்போது சொல்லலாம், இனிமேல் யாரும் மெமோ கொடுக்க முடியாது.

அன்று மத்தியானத்துக்குள் கடை மூலை காலி. ஒரே ஒரு சட்டை மட்டும் ஆணியில் தொங்கியது. வெளிர் நீலம், அரைக்கை, ஒரு பை. என் நண்பருடையது. மாதத் தொடக்கத்திலேயே அளவு கொடுத்தது, அட்வான்ஸும் கொடுத்தது. காஜா எடுத்தது நான். அவர் வாங்க வரவில்லை. ஏன் வரவில்லை என்று கடையில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் அப்பா என்னைக் கூட்டிப்போக வந்தார். முகத்தில் புழுதி. பாய் அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போதே பாய் போட்டுக்கொடுத்துவிட்டார். “ஒங்க மவன் ஒங்களை வெவசாயி ஆக்கிட்டான், தெரியுமா?” நடந்ததையெல்லாம் சொன்னார். அப்பா டம்ளரைக் கழுவி வைத்தார். ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்து, “அது யாருது?” என்றார். நான் சொன்னேன். “குடு” என்று வாங்கித் தபால் பையில் வைத்தார். பாக்கிக் கூலியை அவர் கொடுக்கப் போக, பாய், “நட்டு வச்ச ஆளுகிட்ட வாங்கிக்கிறேன், நீங்க போங்க” என்றார்.

சைக்கிளில் நான் மிதித்தேன், அப்பா பின்னால் உட்கார்ந்தார். ரோட்டில் டிராக்டர் டிப்பர்கள் எதிரே வந்தன. சின்ன ஊர்க் கோயில்களில் ராப்பூசை கிடையாது. எல்லோரும் பங்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புதுத்துணியும் போர்வையும் பாட்டுமாக இருந்தது. அதில் எத்தனை சட்டை நான் காஜா எடுத்தது என்று எண்ணிக்கொண்டே மிதித்தேன். ஏனென்றால் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பேசவில்லை. கடைசியில் நானே, “அப்பா, அன்னிக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“நீ சொன்னதுல ஒண்ணும் தப்பில்லடா” என்றார். “இதுக்கு ஆர்டர் குடுக்கும்போதே, இத நம்பிப் பொழைக்காத, வேற வருமானம் இருக்குதான்னுதான் கேட்டாங்க. அரைக் காணி முந்திரி இருக்குதுன்னு எழுதிக் குடுத்தேன். டிபார்ட்மெண்ட் கணக்குப்படி நான் வெவசாயிதான்.” கொஞ்ச தூரம் போனதும், “பந்தலு பக்கம் பஸ்ஸு வரும்போது மட்டும் இந்தப் பக்கமும் பாத்திருக்கலாம்” என்றார்.

மாதா கோயில் தெரு வந்ததும் இறங்கிக்கொண்டார். கோயில் வாசலில் வைக்கோல் குடில், முன்னால் தட்டில் முளைக்க வைத்த நெல். வீட்டில் எல்லோரும் டிராக்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் தெருமுனையில் சைக்கிளோடு நின்றேன். அப்பா போய் அந்த அம்மாவிடம் ஒரு மணியார்டருக்குக் கையெழுத்து வாங்கினார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். அப்புறம் பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பாவும் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணிச் சத்தம். நண்பர், வெளிர் நீலச் சட்டையில். கையில் அடுக்குக் கேரியர். “அம்மா குடுக்கச் சொன்னாங்க” என்று எங்க அம்மாவிடம் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். மேல் அடுக்கில் கலகலாவும் முறுக்கும், கீழே பிரியாணி. ஒவ்வொரு வருஷமும் வருகிற அதே அளவு.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கடைசிப் பரீட்சைக்கு ஹால்டிக்கெட் வாங்க வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து, “ஏய், எந்தச் சட்டைக்காவது கடைசிக் காஜாவ ஒழுங்கா எடுத்திருக்கியா நீ?” என்று ஒரு குரல் கேட்டது. அதுதான் முதல் பேச்சு.

அடுத்த ஆண்டே இ.டி. என்ற பெயரை மாற்றி ‘கிராமின் டாக் சேவக்’ என்று வைத்தார்கள். பெயர்தான் மாறியது. அப்பா அறுபத்தைந்து வயதில் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்தார். பென்ஷன் இல்லை. முந்திரி இருந்தது. 2013இல் தந்தி போயிற்று, 2015இல் பழைய மணியார்டர் முறை போயிற்று. 2025இல் பதிவுத் தபாலையும் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று நான் பேப்பரில் படித்துக் காட்டியபோது அப்பா, “கையெழுத்து வாங்குறாங்கல்ல?” என்று மட்டும் கேட்டார்.

நண்பர் பிறகு வேறு வேலைக்குப் போனார், என்னைவிட நன்றாகவே இருக்கிறார். அவர் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைப் பேசுகிறேன். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கையைக் காட்டுகிறார். கடைசிக் காஜா பெரிசாகிப் பட்டன் நிற்காமல் போனது உண்மைதான் என்கிறார். அந்தச் சட்டைக்குப் பாக்கி இருபது ரூபாய் பாய்க்கு இன்னும் வரவில்லை என்பதையும் இந்த மேடையில் பதிவு செய்கிறேன்.